ஏரி விலைபோகவில்லை

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற ஞாயிறு இணைப்பில் அமெரிக்க ஏரி ஒன்றின் படம் போட்டிருந்தீர்கள். கரை நெடுக வீடுகள். வீட்டுக்கு ஒன்றாகத் தண்ணீருக்குள் நீளும் மரப் படகுத்துறைகள். கீழே ‘ஏரியையே விலைக்கு வாங்கியவர்கள்’ என்று ஒரு வரி. அந்த வரி தவறு. அப்படி ஒரு துறையைக் கழற்றவும் மாட்டவும் கைகொடுத்தவன் என்பதால் எழுதுகிறேன்.

தொழிற்பயிற்சி நிலையத்தில் 31 ஆண்டுகள் தச்சு வேலை சொல்லிக்கொடுத்தவன் நான். விஸ்கான்சின் மாநிலம் மேடிசனில் மகள் வீட்டில் ஆறு மாதம் இருந்தேன். ஏரிக்கரை வீடெல்லாம் அவளுக்குக் கட்டுப்படியாகாது. ஆனால் மெண்டோட்டா ஏரிக்கரையில் அவளுக்குத் தெரிந்த பெரியவர் ஒருவர் இருக்கிறார். அக்டோபர் கடைசியில் துறையைக் கழற்ற ஆள் தேடினார். சும்மா இருக்க முடியாமல் நான் போய்விட்டேன்.

“தூணை ஆழமாக இறக்கி சிமென்ட் போட்டுவிட்டால் ஆண்டுதோறும் இந்தப் பாடு எதற்கு?” என்று மகள் மூலம் கேட்டேன். அவர் பதில் சொல்லாமல், கழற்றாமல் விட்டிருந்த பக்கத்துத் துறையைக் கைகாட்டினார். தூண்கள் ஆளுக்கொரு பக்கம் சாய்ந்து நின்றன. குளிர்காலத்தில் பனிக்கட்டி தூணைக் கவ்விக்கொள்கிறது. நீர்மட்டம் ஏறும்போது கட்டியும் மேலெழுந்து, பல் பிடுங்குவதுபோல் தூணைப் பிடுங்குகிறது. எனக்கு வாயடைத்துவிட்டது. மரத்தைப் பற்றித் தெரியும் என்று நினைத்தேன். தண்ணீரைப் பற்றித் தெரியவில்லை.

கழற்றிய துறையின் கால்களில் வரிச்சிப்பிகள் ஒட்டிக்கொண்டிருந்தன. 2015இல் இந்த ஏரிக்குள் வந்த அந்நியச் சிப்பி. விளிம்பு பிளேடு மாதிரி. என் கட்டைவிரலில் அதன் தழும்பு இன்னும் இருக்கிறது. உளுத்த பலகைகள் மூன்றை அடுப்புக்கு வைத்துக்கொள்ளலாமே என்றேன். பெரியவர் பதறிவிட்டார். பழைய பலகை, பூச்சி அரிக்காமலிருக்க ஆர்செனிக் ஏற்றியது. எரித்தால் புகையும் சாம்பலும் நஞ்சு. அங்கே 2004 முதல் வீட்டு வேலைக்கு அந்த மரத்தைத் தயாரிப்பதில்லை. பதிலுக்கு நான் இழைத்துக் கொடுத்தது சிடார் மரப் பலகை.

ஏப்ரலில் பனி உருகியதும் திரும்ப மாட்டினோம். மார்புவரை ரப்பர் உடுப்பு போட்டும் கால் மரத்துவிட்டது. துறையின் ஒவ்வொரு காலிலும் ஒரு திருகு உண்டு. அதைத் தளர்த்தி, ரசமட்டம் வைத்து, குமிழி நடுவில் நின்றதும் இறுக்க வேண்டும். என் மாணவர்களில் பாதிப் பேருக்கு இந்தப் பொறுமை கிடையாது.

அப்போதுதான் பெரியவர் அந்த ஊர்ச் சட்டத்தையும் சொன்னார். தனி அனுமதி வாங்காமல் போடும் துறை பொதுவாக 6 அடிக்கு மேல் அகலம் கூடாது. 3 அடி ஆழம் வரும் இடம்வரை, அல்லது படகு நிற்க வேண்டிய ஆழம்வரை நீளலாம். கல்லும் மண்ணும் கொட்டி நிரப்பக் கூடாது. அடியில் தண்ணீர் ஓட வேண்டும். 50 அடி கரைக்கு இரண்டு படகு, அதற்குமேல் ஒவ்வொரு 50 அடிக்கும் ஒன்று. கரையும் பலகையும் அவருடையவை. ஏரியின் தரையை மக்களுக்காக மாநிலம் வைத்திருக்கிறது. நீர்வழிகள் எல்லோருக்கும் பொது என்று அந்த மாநில அரசியல் சட்டத்தில் 1848லேயே எழுதிவிட்டார்கள்.

நாங்கள் கடைசித் திருகை இறுக்கிக்கொண்டிருந்தபோது ஒரு பையன் சிறு படகில் வந்து, துறையிலிருந்து பத்துப் பன்னிரண்டு அடி தள்ளித் தூண்டில் போட்டான். பெரியவர் விரட்டவில்லை, விரட்ட அவருக்கு உரிமையும் இல்லை. “நேற்று அந்த மூலையில் மீன் கடித்தது” என்று மட்டும் சொன்னார்.

அடுத்த ஞாயிறு இணைப்பில் திருத்தம் போடுவீர்கள் என்று நம்புகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தச்சுப் பயிற்றுநர்,
கும்பகோணம்.