பெரியமாமாவின்ரை பட்டியலிலை என்ரை பேர்

அன்புள்ள பிள்ளைக்கு,

நீங்கள் எல்லாரும் சுகமாய் இருக்க வேணும். இஞ்சை வெயில் எரிக்குது, கிணத்திலை தண்ணி நல்லா இறங்கிப்போச்சு. மற்றப்படி குறையில்லை.

குடும்ப வட்ஸ்அப்பிலை நீ போட்ட வீடியோவைப் பாத்தன். மேட்டூரிலை ரயர்க்கடை வைச்சிருக்கிற பத்மராஜன், 1988இலை இருந்து சட்டசபை, பாராளுமன்றம் எண்டு 230 தேர்தலுக்கு மேலை நிண்டு தோத்த மனிசன். கீழை "பெரியமாமாவின்ரை கூடப்பிறந்தவர்" எண்டு எழுதிவிட்டாய். எங்கடை மாமாவும் தேர்தலிலை நிண்டு தோக்கிறவர்தானே, எல்லாரும் சிரிச்சினம். மாமாவும் அந்தக் குழுவிலைதான் இருக்கிறார், பிள்ளை. பின்னேரம் தேத்தண்ணிக்கு வந்தவர், "2011இலை மேட்டூர்ச் சட்டசபைக்கு அந்தாள் 6,273 வாக்கு எடுத்தது, தெரியுமோ?" எண்டு கேட்டார். கோபம் இல்லை, கொஞ்சம் எரிச்சல்தான். அவருக்கு அவ்வளவு ஒருநாளும் விழேல்லை.

ஆனால் ரெண்டும் ஒண்டில்லை. மேட்டூர்க்காரர் தோக்கத்தான் நிக்கிறன் எண்டு வெளியாவே சொல்லுறவர். உன்ரை மாமா ஒவ்வொருமுறையும் வெல்லப்போறன் எண்டுதான் நிக்கிறார். மற்றது, தமிழ்நாட்டிலை சட்டசபைக்கு 10,000 ரூபாயும் முன்மொழியப் பத்துப் பேரும் இருந்தால் ஒரு ஆள் தனிய நிக்கலாம். ஆறிலை ஒரு பங்கு வாக்கு எடுக்காட்டில் காசு போகும், அவ்வளவுதான். இஞ்சை இலங்கையிலை தனிய நிக்கேலாது. சுயேச்சை எண்டாலும் குழுவாய்த்தான் நிக்க வேணும். போன பாராளுமன்றத் தேர்தலிலை யாழ்ப்பாணத்துக்கு ஆறு ஆசனம், பட்டியலுக்கு ஒன்பது பேர், ஆளுக்கு 2,000 ரூபா கட்டுக்காசு. காசைப் புரட்டலாம். ஆள் பிடிக்கிறதுதான் பெரும்பாடு.

நீ வெளிநாடு போனபடியால் அதைக் காணேல்லை. ராத்திரி "ஓம் அண்ணை, என்ரை பேரையும் போடுங்கோ" எண்டவர் விடியக் காணாமல் போயிடுவார், மனிசி வாசலிலை நிண்டு "அவர் கொழும்புக்குப் போட்டார்" எண்டுவா. மாமாவின்ரை எம்டி நைன்ரி மோட்டச்சைக்கிள் சத்தம் ஒழுங்கைக்குள்ளை கேட்டால் பின்படலையாலை போற ஆக்களும் இருக்கினம். கடைசி நாள், பேர் குடுக்கிற கச்சேரி (மாவட்டச் செயலகம்) வாசலிலை மண்ணிற ஃபைலோடை நிண்டுகொண்டு, ஒரு கையெழுத்துக்காக மாமா ஓடின ஓட்டத்தை நான் கண்ணாலை பாத்தனான். ஒரு கையெழுத்துப் பிழைச்சாலும் முழுப் பட்டியலும் போகும்.

நோட்டீசிலை அவர் எழுதிறது எப்பவும் ஒரே விசயம்: தண்ணி. குளங்களைத் தூர்வார வேணும், வழுக்கையாற்று வாய்க்காலுகளைத் துப்பரவாக்க வேணும், மாரித்தண்ணியைச் சும்மா கடலுக்கு விடக்கூடாது. சுன்னாகப் பக்கம் கிணறுகளிலை எண்ணெய் கலந்த நேரம் எல்லாரும் மேடை போட்டுக் கத்தினவை. அதுக்கு முந்தியே கத்தினவர் இவர். நாங்கள்தான் காது குடுக்கேல்லை. பாராளுமன்றத்திலை 225 பேருக்குள்ளை ஆர் எங்கடை குளத்தைப் பற்றிக் கேக்கப்போகினம், விவசாயம் மாகாணசபைக்குள்ளை வாறது, 38 ஆசனம் உள்ள அந்தச் சபைதான் தனக்கு வேணும் எண்டு நிக்கிறார். அதிலை நியாயம் இருக்கு.

2013 செப்டெம்பரிலை வடக்கு மாகாணசபைக்கு நடந்ததுதான் முதல் தேர்தல். தமிழ்த் தேசியக் கூட்டமைப்பு 38இலை 30 எடுத்தது. அந்த அலைக்குள்ளை மாமா எங்கை? ஒழுங்கைச் சனமே, "அண்ணைக்குப் போடத்தான் போனனான், கை தன்பாட்டிலை கூட்டமைப்பின்ரை வீட்டுச் சின்னத்துக்குப் புள்ளடி போட்டிட்டுது" எண்டு அவருக்கு முன்னாலையே சொல்லிச்சுதுகள். அந்தச் சபையின்ரை காலம் 2018 ஒக்டோபரிலை முடிஞ்சுது. தேர்தல் முறையை மாத்திறம் எண்டு 2017இலை சட்டம் கொண்டு வந்தினம், தொகுதி எல்லை பிரிச்ச அறிக்கையை அடுத்த வருசம் பாராளுமன்றம் தோக்கடிச்சுது. அதுக்குப் பிறகு ஆளுநர்தான். தேர்தலிலை தோத்ததை விட, தோக்கிறதுக்கு ஒரு தேர்தல் இல்லாததுதான் மாமாவை இளைக்கப் பண்ணினது.

2024இலை 17ஆம் இலக்கச் சுயேச்சைக் குழு யாழ்ப்பாணத்திலை ஒரு ஆசனம் எடுத்ததோடை மாமாவைப் பிடிக்கேலாமல் போச்சு. "பாத்தியே தங்கச்சி, சுயேச்சை வெல்லாது எண்டு சொன்னியள்" எண்டு நாலைஞ்சு நாள் இதே கதை.

இப்ப விசயத்துக்கு வாறன். மாகாணசபைத் தேர்தல் எப்ப வந்தாலும் ஆயத்தமாய் இருக்க வேணும் எண்டு மாமா பட்டியல் தொடங்கியிட்டார். போனமுறை யாழ்ப்பாணத்துக்கு 16 ஆசனம், 19 பேர் வேண்டியிருந்தது. முதல் பேர் அவர். ரெண்டாவது பேர் நான். ஓம் எண்டு சொல்லியிட்டன். முப்பது வருசத்துக்குக் கிட்டப் பள்ளிக்கூடத்திலை படிப்பிச்சவள், என்னட்டைப் படிச்சதுகள் எல்லாம் இப்ப வாக்காளர். மாமாவுக்கு விழாத வாக்கு எனக்கு விழலாம், ஆர் கண்டது. அப்பாவுக்கு இன்னும் சொல்லேல்லை. நீயும் ஃபோனிலை வாய் விட்டிடாதை.

உன்னட்டைக் காசு கேட்டால் கட்டுக்காசுக்கு மட்டும் அனுப்பு. போஸ்டருக்கு எண்டு கேப்பார், அதுக்குக் குடுக்க வேண்டாம். அந்த வீடியோவையும் அழிச்சுவிடு.

உன்ரை கலியாணத்திலை நான் பச்சைச் சீலையோடை நிக்கிற படம் ஒண்டு இருக்கு. அதிலை என்னை மட்டும் வெட்டி எடுத்து அனுப்பு. பக்கத்திலை நிக்கிற பெரியம்மாவின்ரை கை வராமல் பார்.

அன்புடன்,
அம்மா