ஸ்பீக்கரை நிறுத்துங்க, கிரவுண்டை பூட்டாதீங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்னையில ஒரு விளையாட்டுத் திடலுக்கு எதிர்ல ரெண்டாவது மாடியில 14 வருஷமா குடியிருக்கோம். எங்க ஜன்னலுக்கும் கிரவுண்டோட கம்பி வேலிக்கும் நடுவுல ஒரு ஆட்டோ போற அளவுக்குத்தான் தெரு. பந்து வந்து கிரில்ல அடிக்கறது, அவுட்டா இல்லையான்னு பசங்க கத்தி சண்டை போடறது எல்லாம் எங்களுக்கு பழகிப்போச்சு, அதைப் பத்தி ஒரு நாளும் வாய் திறந்ததில்ல.

ஃப்ளட்லைட் போட்டாங்க, அப்புறம்தான் தொல்லை ஆரம்பிச்சது. சனி ஞாயிறு ஆனா டென்னிஸ் பால் டோர்னமென்ட், ஆளுயர ஸ்பீக்கர் பாக்ஸ் நாலு, மைக்ல கமென்ட்ரி, ஒரு ஃபோர் அடிச்சா உடனே குத்துப்பாட்டு, இப்படியே ராத்திரி 12 மணி வரைக்கும் போகும். ஷோகேஸ் கண்ணாடி கிடுகிடுன்னு அதிருது. எங்க மாமியாருக்கு 81 வயசு, காதுல பஞ்சை வச்சுக்கிட்டு கட்டில்ல உக்காந்தே இருப்பாங்க, "எப்பம்மா முடிப்பாங்க"ன்னு கேட்டுக்கிட்டே.

தெருக்காரங்க கையெழுத்து போட்டு புகார் குடுத்தோம், நானும் போட்டேன். வந்த பதில் என்னன்னா சாயங்காலம் 6 மணிக்கு கேட்டுக்கு பூட்டு. ஸ்கூல் விட்டு வந்து பசங்க விளையாடறதே 5 மணிக்கு மேலதான், இப்ப அவங்க தெருவுல ஸ்டம்ப் நட்டு விளையாடறாங்க, பைக் வந்தா ஸ்டம்பை தூக்கிட்டு ஓடறாங்க, போன வாரம் ஒரு பொடியன் வேலி ஏறி குதிச்சு கையைக் கிழிச்சுக்கிட்டான். டோர்னமென்ட்காரங்க மட்டும் சாவி வாங்கி எப்பவும் போல நடத்தறாங்க. நாங்க போட்ட கையெழுத்து கடைசியில குழந்தைங்க தலையில விடிஞ்சிருக்கு, நெஞ்சு பதறுது.

நாங்க கேட்டது புதுசா ஒண்ணும் இல்லீங்க. 2000ல வந்த ஒலி மாசு விதிகள்லயே இருக்கு, குடியிருப்புப் பகுதின்னா பகல்ல 55 டெசிபல், ராத்திரி 45 டெசிபல்தான். எழுத்துமூலமா அனுமதி வாங்காம ஒலிபெருக்கி வைக்கவே கூடாது, ராத்திரி 10லேர்ந்து காலைல 6 வரைக்கும் திறந்தவெளியில அறவே கூடாது. கலாச்சார, மத விழாக்களுக்கு மட்டும் அரசு வருஷத்துல 15 நாளுக்கு மேல போகாம 12 மணி வரை தளர்வு குடுக்கலாம். வாராவாரம் நடக்கற மேட்ச் எப்படி அதுல சேரும்?

பசங்க போடற சத்தத்தையும் ஸ்பீக்கர் சத்தத்தையும் ஒரே தராசுல வைக்காதீங்க. ஜெர்மனியில 2011ல சட்டத்தையே திருத்தி, விளையாட்டு மைதானத்துல குழந்தைங்க எழுப்பற சத்தத்தை பொதுவா தொந்தரவா எடுத்துக்கக் கூடாதுன்னு வச்சிருக்காங்க. நம்ம ஊர்ல சட்டம்கூட மாத்த வேண்டாம், இருக்கற விதிப்படி 10 மணிக்கு ஒரு போலீஸ்காரர் வந்து ஆம்ப்ளிஃபயர் வயரைப் பிடுங்கினா போதும். மைக் இல்லாம விசில் வச்சே மேட்ச் ஆடட்டும், நாங்களே பால்கனியில நின்னு பாப்போம்.

கேட் பூட்டை மட்டும் இந்த வாரமே எடுத்துடுங்க, பரீட்சை முடிஞ்சு லீவு விடப் போறாங்க.

இப்படிக்கு,
திடலுக்கு எதிர்வீட்டுக்காரி, சென்னை