பாப்பாவுக்கு, சாப்பாடு விஷயமாக

காவேரிப்பட்டணம்

அன்புள்ள பாப்பா,

போனில் பேசினால் "சரிம்மா, சரிம்மா" என்று வைத்துவிடுகிறாய். அதனால் எழுதுகிறேன். தோட்டத்தில் பெங்களூரா மாங்காய் காய்ப்பு பரவாயில்லை. கூழ் கம்பெனிக்காரர்கள் இன்னும் விலை சொல்லவில்லை, அப்பா தினமும் புலம்புகிறார். ஊர்ச் செய்தி அவ்வளவுதான்.

தம்பி உன் கீட்டோ சாப்பாட்டுத் திட்டத்தைக் காட்டினான். காலையில் வெண்ணெய் போட்ட காபி, மதியம் பன்னீர், ராத்திரி புரதப் பவுடர். சோறு இல்லை, களி இல்லை, பழம்கூட இல்லை. முதல் வாரமே மூன்று கிலோ இறங்கியதாம். தலைவலியாம், நாலு நாளாக வெளிக்குப் போகவில்லையாம். அவனிடம் சொல்வாய், என்னிடம் சொல்ல மாட்டாய். சரி, போகட்டும்.

பால்வாடியில் இந்த ஊர்ப் பிள்ளைகளை எல்லாம் எடை போட்டு அட்டையில் கோடு இழுத்தவள் நான். எடை மளமளவென்று இறங்கினால் சந்தோஷப்பட எனக்குத் தெரியாது.

அந்த மூன்று கிலோவை நம்பாதே. சாப்பிடுகிற மாவுச்சத்தில் ஒரு பங்கைக் கல்லீரலும் தசையும் கிளைக்கோஜனாகச் சேர்த்து வைக்கின்றன. அது ஒவ்வொரு கிராமுக்கும் மூன்று கிராம் போலத் தண்ணீரையும் பிடித்து வைத்திருக்கும். மாவுச்சத்தை நிறுத்தினால் சேமிப்பு கரைகிறது, தண்ணீரும் உப்பும் சிறுநீரில் போய்விடுகின்றன. உன் தலைவலிக்கும் அது ஒரு காரணமாக இருக்கும். ஆக, முதல் வாரம் இறங்கியதில் பெரும்பங்கு தண்ணீர்தான். மறுபடி சோறு சாப்பிட்டதும் கொஞ்சம் ஏறும். அதைப் பார்த்து அழாதே. இந்தக் கீட்டோ முறையே 1921-ல் வலிப்பு நோய்க்காக டாக்டர்கள் கொண்டுவந்தது. அவர்கள் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டு கொடுப்பது, செல்போன் பார்த்துக் கொடுப்பதில்லை.

வைகாசியில் வந்துபோனவர்களைப் பற்றி நான் எதுவும் எழுதப்போவதில்லை.

கொழுப்பு வேண்டாம் என்று சொல்லவில்லை. ஏ, டி, இ, கே வைட்டமின்கள் உடம்பில் சேரக் கொழுப்பு வேண்டும். ஆனால் மாவுச்சத்திலும் புரதத்திலும் கிராமுக்கு 4 கலோரி, கொழுப்பில் 9. அது இரைப்பையை விட்டு மெதுவாகத்தான் இறங்கும், அதனால்தான் உனக்கு மதியம்வரை பசிப்பதில்லை. அதைக் கரைக்கப் பித்தநீர் வர வேண்டும், எண்ணெய்ச் சட்டியில் சோப்புத்தூள் போடுகிற மாதிரி. எடை வேகமாக இறங்கினால் பித்தப்பையில் கல் சேரும் வாய்ப்பு அதிகம். உன் சித்தி பட்ட பாடு உனக்குத் தெரியும். அவளும் அப்போது "எனக்கு ஒன்றுமில்லை அக்கா" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தாள்.

புரதத்துக்குப் பவுடர் எதற்கு? நம் நாட்டுக் கணக்குப்படி ஒரு கிலோ உடல் எடைக்கு நாளைக்கு 0.83 கிராம், 60 கிலோ ஆளுக்கு 50 கிராம். இரண்டு முட்டையில் 12. பாலும் தயிருமாக 400 மில்லியில் 13. ஒரு கைப்பிடி வேர்க்கடலையில் 7 அல்லது 8. ஐம்பது கிராம் கொள்ளில் 11. நூறு கிராம் கேழ்வரகு மாவில் 7. கூட்டிப் பார், நீ கணக்கில் நூறு வாங்கியவள்தானே. பன்னீர் சாப்பிடு, அதையும் நான் தடுக்கவில்லை. 2024-ல் வந்த தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் வழிகாட்டுதலும் புரதப் பவுடரைத் தவிர்க்கத்தான் சொல்கிறது.

களிக்கு வக்காலத்து வாங்குகிறேன் என்று நினைப்பாய். இல்லை. கேழ்வரகிலும் மூன்றில் இரண்டு பங்கு மாவுச்சத்துதான். காலையிலிருந்து ஏர் பிடிக்கிற அப்பாவுக்கு இரண்டு உருண்டை, நாற்காலியில் உட்காருகிற உனக்குப் பாதி போதும். ஆனால் நூறு கிராமில் 11 கிராம் நார்ச்சத்தும் 340 மில்லிகிராமுக்கு மேல் கால்சியமும் வேறு எந்த மாவில் இருக்கிறது? (எச்சிலிலேயே மாவுச்சத்தை உடைக்கும் அமிலேஸ் இருக்கிறதாம். களியை மென்றால் சிரிப்பார்களே நம் வீட்டில், அப்படியே விழுங்குவதால் அந்த வேலையெல்லாம் கணையத்தின் தலையில்தான் விழுகிறது. தாத்தாவுக்குச் சொன்னால் ஒப்புக்கொள்ள மாட்டார்.)

வெளிக்குப் போகாததற்கு இசப்கோல் நார்த்தூள் வாங்கினாயாம். தண்ணீர் குறைவாகக் குடித்துக்கொண்டு அதைச் சாப்பிட்டால் இன்னும் அடைத்துக்கொள்ளும். நார்ச்சத்தைச் சிறுகுடல் செரிக்காது, பெருங்குடலில் இருக்கும் பாக்டீரியாக்கள்தான் அதைப் புளிக்க வைக்கின்றன. ஒரேயடியாகக் கூட்டினால் வாயு, உப்புசம் எல்லாம் வரும். கீரையும் அவரைக்காயும் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர். தண்ணீர் குடி. தண்ணீர் குடி என்று சொல்லிக்கொண்டே இருக்கிறேன், நீ காபி குடிக்கிறாய்.

மாதம் ஒழுங்காக வருகிறதா? எடை சட்டென்று இறங்கினால் அது தள்ளிப்போகும், நின்றுகூடப் போகும். வேறு எதற்கும் பதில் எழுத வேண்டாம், இதற்கு மட்டும் எழுது.

பெங்களூரில் தனியாக வேலை பார்த்துத் தம்பிக்கு ஃபீஸ் கட்டுகிற பெண் இந்தத் தெருவில் வேறு யார்? நான் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டுதான் திரிகிறேன். அதே பெண் ஒரு வாய் சோற்றுக்குப் பயந்து உட்கார்ந்திருக்கிறாள் என்பதை யாரிடம் சொல்வது? எடை குறைக்க வேண்டும் என்றால் குறை. மாதத்துக்கு ஒன்றிரண்டு கிலோ போதும். உன் முட்டிவலிக்காகக் குறைத்தால் நானே கூட நடக்க வருகிறேன். காபித் தட்டை வாங்கிக்கொண்டே உன்னை மேலும் கீழும் பார்த்த அந்த அம்மாவுக்காக என்றால் வேண்டாம். அவர்கள் மறுபடி ஆள் விட்டார்கள். அப்பா ஒரு நாள் முழுக்க யோசித்தார். சரிப்படாது என்று நான் சொல்லி அனுப்பிவிட்டேன். உன்னைக் கேட்காமல் செய்தேன் என்று கோபப்பட்டால் ஞாயிற்றுக்கிழமை வந்து நேரில் கோபப்படு.

சனிக்கிழமை பெரியப்பா மகன் ஓசூர் வழியாக வருகிறான். கேழ்வரகு மாவு, கொள்ளு, வறுத்த வேர்க்கடலை கொடுத்துவிடுகிறேன். கொள்ளை முதல் நாள் ராத்திரியே ஊறப்போடு. ஹீமோகுளோபினும் தைராய்டும் ஒரு தடவை பார்த்துவிடு.

இப்படிக்கு,
அம்மா

தம்பியைத் திட்டாதே. நீ படியில் தலைசுற்றி உட்கார்ந்ததைக் கேட்டு, பயந்துபோய்த்தான் காட்டினான்.