ஏணியோடு வந்தவருக்கும், உங்கள் எல்லாருக்கும்

மலேசியா, பேராக் மாநிலச் சுங்கை சிப்புட் வட்டாரத்து உறவுகள் அனைவருக்கும் வணக்கம்.

2022 நவம்பர் 19ஆம் தேதி தேர்தல் இரவு, உங்கள் சட்டமன்ற உறுப்பினராக இருந்த நான் தோற்று, வாக்கு எண்ணி முடித்த கையோடு நிலைகுலைந்து சாய்ந்தது உங்களுக்குத் தெரியும். அடுத்த ஒன்பது நாள் ஈப்போ மருத்துவமனையில் கிடந்ததும் தெரியும். அதை மறுபடி விரிக்கப்போவதில்லை. கை நடுக்கம் நேற்றுத்தான் நின்றது. நின்றதும் முதலில் எழுதுவது இந்த மடல்தான். தமிழ் நேசன் 2019இல் நின்றுபோகாமல் இருந்திருந்தால் இதை அங்கேதான் அனுப்பியிருப்பேன். என் அப்பா ரப்பர்ப் பால் மரக் காட்டிலிருந்து வந்து, கையில் ஒட்டுப்பால் வாடை போகும் முன்பே விரித்துப் படித்த பத்திரிகை அது.

அந்த இரவு என்னைத் தாங்கிப் பிடித்த இரு போலீஸ்காரர்களுக்கும், காரை எங்கும் நிறுத்தாமல் ஈப்போவுக்கு ஓட்டிய தம்பிக்கும், மருத்துவமனைத் தாதியருக்கும், கோயிலில் என் பெயருக்கு அர்ச்சனை செய்தவர்களுக்கும், சூராவ் என்னும் சிறு தொழுகைக் கூடத்தில் எனக்காகத் துஆ கேட்ட நண்பர்களுக்கும், என் மனைவியைத் தனியாகச் சாப்பிட விடாமல் முறை வைத்துச் சோறு கொண்டுவந்த அக்கா தங்கைகளுக்கும், பூட்டிக் கிடந்த என் சட்டமன்றச் சேவை மையத்தின் கதவிடுக்கில் கடிதம் செருகிச் சென்ற தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளுக்கும் நன்றி. எல்லாவற்றையும் படித்துவிட்டேன். எனக்கு வாக்களித்தவர்களுக்கும் நன்றி. வாக்களிக்காமல், ஆனால் மருத்துவமனைக்கு வந்து கட்டிலருகே நின்றவர்களுக்கும் நன்றி.

இனி ஒருவரைப் பற்றி மட்டும் எழுத வேண்டும். பெயர் போடக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். ஊரில் பாதிப் பேருக்குத் தெரிந்துவிடும் என்றாலும் அவர் சொல்லை மீறமாட்டேன்.

அவர் எதிர் அணியின் கிளைத் தலைவர். செம்பனை (எண்ணெய்ப் பனை) தோட்டத்தில் குலை வெட்டுகிறார். அவரும் நானும் ஒரே கோயிலின் நிர்வாகக் குழுவில் பதின்மூன்று ஆண்டுகளாக இருக்கிறோம். அந்தப் பதின்மூன்று ஆண்டுகளில் கணக்கு வழக்கைத் தவிர ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை.

அது எப்போது தொடங்கியது என்பதை மறைக்க வேண்டியதில்லை. 2008 மார்ச் 8ஆம் தேதி நான் முதன்முறை வென்றேன். பேராக் சட்டமன்றத்தின் 59 இடங்களில் 31 எங்கள் பக்கம். 2009 பிப்ரவரியில் மூவர் விலகினார்கள், ஆட்சி போயிற்று. அந்த மே மாதம் 7ஆம் தேதி சபாநாயகர் சிவகுமாரை மன்றத்திலிருந்து இழுத்து வெளியேற்றியபோது நான் உள்ளே இருந்தேன். இரவு ஊர் திரும்பினால், கடைத்தெருவில் இரண்டு தேநீர்க் கடை இரண்டு கட்சியாகிவிட்டிருந்தது. 1948இல் எல்பில் தோட்டத்துக் கொலைகளுக்குப் பிறகு, கம்யூனிஸ்டுகளை ஒடுக்க அவசரகாலம் வந்தபோது, யார் யாரோடு பேசுகிறார்கள் என்று கண்கள் பார்த்துக்கொண்டே இருக்கும் என்று அப்பா சொல்லியிருக்கிறார். அதை நான் கதையாகக் கேட்டு வளர்ந்தவன். 2009இல் அந்தக் கண்கள் எனக்கும் வந்துவிட்டன. கோயில் கூட்டத்தில் அவர் என்னைக் கேட்ட ஒரு கேள்விக்கு, பலர் முன்னால், சொல்லக் கூடாத ஒரு வார்த்தையால் பதில் சொன்னேன். அவர் அதைத் திருப்பிச் சொல்லவில்லை. பேச்சை மட்டும் நிறுத்திக்கொண்டார்.

இப்போது நடந்ததைச் சொல்கிறேன்.

தேர்தலில் நிற்பவர்களுக்கு மட்டும் தெரிந்த ஒரு கணக்கு உண்டு. மாநிலச் சட்டமன்றத்துக்கு நிற்பவர் 5,000 வெள்ளி (ரிங்கிட்) வைப்புத்தொகை கட்டுகிறார். பிரசாரப் பொருள்களுக்கென்று தனியாக 3,000 வெள்ளி. வாக்களிப்பு முடிந்து 14 நாளுக்குள் கட்டிய கொடி, பதாகைகளை அவிழ்த்துவிட்டால் அந்த 3,000 திரும்பக் கிடைக்கும், இல்லாவிட்டால் இல்லை. வென்ற பக்கத்துக் கொடியை அவிழ்க்க ஆள் கிடைக்கும். தோற்ற பக்கத்துக் கொடிக்கு யார் வருவார்? அதிலும் வேட்பாளரே மருத்துவமனையில். எங்கள் பிள்ளைகள் பாதிப் பேர் ஈப்போவில் என் கட்டிலைச் சுற்றி இருந்தார்கள், மீதிப் பேர் மனம் விட்டுப்போய் வீட்டில் இருந்தார்கள். அவர்கள்மேல் எனக்கு வருத்தம் இல்லை. அந்த வாரம் மழையும் விடவில்லை.

20ஆம் தேதி ஞாயிறு காலை, இன்னும் விடியாத நேரத்தில், அவர் தன் மகனையும் மகளையும் கூட்டிக்கொண்டு ஏணியோடு கிளம்பியிருக்கிறார். தங்கள் கொடிகளை அவிழ்க்கத்தான் போனார்கள். எங்கள் கொடிகளையும் சேர்த்து அவிழ்த்தார்கள். எட்டும் இடத்தில் முடிச்சைக் கையால் அவிழ்த்திருக்கிறார்கள். எட்டாத விளக்குக் கம்பங்களில், குலை வெட்டுகிற நீளக் கழியின் அரிவாளை மேலே நீட்டி, துணியில் படாமல் கயிற்றை மட்டும் அறுத்திருக்கிறார். முப்பதடி மரத்தில் பழுத்த குலையின் காம்பைத் தேடி வெட்டுகிற கை அது. அந்தப் பதாகைகளைப் பிறகு பார்த்தேன். ஒன்றில்கூட அரிவாள் பட்ட தடம் இல்லை.

ஏணியில் ஏறியது அவருடைய மகன். பதினெட்டு வயது. 18 வயது நிறைந்தவர்களின் பெயர் தானாகவே பட்டியலில் சேர்ந்து நடந்த முதல் பொதுத்தேர்தல் இது, அவனுக்கு முதல் வாக்கு. அந்த வாக்கு எனக்கு வரவில்லை என்பது எனக்குத் தெரியும். முந்தின நாள் எனக்கு எதிராகப் புள்ளடி போட்ட பிள்ளை, மறுநாள் மழையில் என் முகத்தைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு ஏணியிலிருந்து இறங்கியிருக்கிறான்.

பேராக்கில் எங்கள் அணியும் அவர்கள் அணியும் சேர்ந்து ஆட்சி அமைக்க, டத்தோஸ்ரீ சரானி முகமட் மந்திரி பெசாராக, அதாவது மாநில முதலமைச்சராக, பதவி உறுதிமொழி எடுத்தது 21ஆம் தேதி. மேலே கைகோத்த பிறகு கீழே எல்லாரும் உறவாகிவிட்டார்கள் என்று சிலர் பேசுவதாகக் கேள்விப்பட்டேன். அவர் ஏணியை எடுத்தது 20ஆம் தேதி. அப்போது யாரும் யாரோடும் சேரவில்லை. இதைத் திருத்தமாகப் பதிவு செய்ய வேண்டும் என்பதும் இந்த மடலுக்கு ஒரு காரணம்.

நான் வீடு திரும்பிய மறுநாள் மாலை, லாரி வாசலில் வந்து நின்றது. பதாகைகள் தனிக் கட்டு, கொடிகள் தனிக் கட்டு, மூங்கில் கம்புகள் தனிக் கட்டு. துணியை வீட்டுத் திண்ணையில் உலர்த்தி மடித்திருந்தார்கள். "உள்ளே வந்து உட்காருங்கள் அண்ணே" என்று என் மனைவி கூப்பிட்டாள். காலெல்லாம் சேறு என்று வாசலிலேயே நின்றுவிட்டார். நான் சுவரைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தேன். ஏன் செய்தீர்கள் என்று கேட்கத் தோன்றியது, அதைத்தான் கேட்டேன்.

"எங்கள் கொடியை அவிழ்த்தால் பக்கத்தில் உங்கள் முகம் தொங்குகிறது. ஆஸ்பத்திரியில் கிடக்கிற மனிதன். முகம் மழையில் நனைந்துகொண்டு தொங்குவதை விட்டுவிட்டு வர முடியவில்லை" என்றார்.

அவ்வளவுதான் சொன்னார். 2009இல் நான் சொன்ன அந்த வார்த்தைக்கு அங்கேயே மன்னிப்புக் கேட்டேன். காதில் விழாதவர்போல லாரியின் கதவை மூடினார். இப்போது இங்கே, அதைக் கேட்டுக்கொண்டிருந்த எல்லார் முன்னாலும், மறுபடி கேட்கிறேன். மன்னித்துவிடுங்கள் அண்ணே.

கட்டுகளோடு ஒரு பள்ளிக்கூட நோட்டுப் புத்தகமும் இருந்தது. எடுத்ததையெல்லாம் அவருடைய மகள் அதில் எழுதிவைத்திருக்கிறாள். தேர்தல் அதிகாரி கேட்டால் காட்டுவதற்காம். "பாலத்தடி – 11. கோயில் வளைவு – 4 (ஒன்று முன்பே கிழிந்திருந்தது). ரயில் நிலையப் பாதை – 16." இப்படியே மூன்று பக்கம், கோடு தாண்டாத கையெழுத்து. கடைசி வரியில் கண் நின்றுவிட்டது.

"பழைய லயம், ஆட்டுக் கொட்டகை – 1 (2008). எடுக்கவில்லை. மழை."

மனைவியைக் கூட்டிக்கொண்டு போய்ப் பார்த்தேன். காரை விட்டு இறங்க வேண்டாம் என்று அவள் சொன்னதை அன்று கேட்கவில்லை. தோட்டம் கைமாறி, பெரும்பாலோர் வெளியேறிய பின்னும் ஏழெட்டுக் குடும்பம் தங்கியிருக்கிற அதே லயம், தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகள். கொட்டகைக் கூரையில் என் முதல் தேர்தலின் பதாகை. மீசை கறுத்திருந்த காலத்து முகம் வெளுத்து மறைந்துவிட்டது. எழுத்து மட்டும் கலங்கலாகத் தெரிகிறது. தோட்டத் தொழிலாளிக்குச் சொந்த வீடு என்று எழுதியிருக்கிறது. அதன் கீழே மூன்று ஆடுகள் நனையாமல் நின்றன. அந்த ஆடுகளை வளர்க்கிற பாட்டி என்னைப் பார்த்ததும், எங்கே திருப்பிக் கேட்க வந்துவிட்டேனோ என்று பயந்தார். "நல்ல கனமான துணி ஒய்.பி. (மாண்புமிகு), பதினாலு வருஷமாக ஒழுகவில்லை" என்றார்.

பதினான்கு ஆண்டுகள். மூன்று தவணை. இந்த நாட்டில் நிலம் மாநில அரசின் அதிகாரத்தில் இருக்கிறது. லயத்துக் குடும்பத்துக்கு ஒரு துண்டு மண் என்பதைப் பேச வேண்டிய இடம் சட்டமன்றம், அங்கே போனவன் நான். பேசினேன். எதிர்க்கட்சி வரிசையில் ஒதுக்கீடு இல்லாமல் இருந்தபோது பேசினேன், 2018இல் ஆட்சி வந்தபோது மனுக்களைக் கையில் எடுத்துக்கொண்டு நில அலுவலகத்துக்கு நடந்தேன், 2020 மார்ச்சில் அந்த ஆட்சியும் கவிழ்ந்தது. சில குடும்பங்களுக்கு வீடு கிடைத்தது. குடியுரிமை இல்லாத நிரந்தரவாசிகளுக்கான சிவப்பு அடையாள அட்டையோடு முதுமையடைந்த சிலருக்குக் குடிமக்களுக்கான நீல அட்டை வாங்க முடிந்தது. அவற்றை நான் குறைத்துச் சொல்லமாட்டேன், என்னோடு அலைந்தவர்களின் உழைப்பு அது. ஆனால் அந்தப் பாட்டியின் மனு 2011இல் என் கையால் எழுதியது. இன்னும் கோப்பில் இருக்கிறது. இதே ஊரிலிருந்து போய் அமைச்சரான துன் சம்பந்தன், துண்டாடப்பட்ட தோட்டங்களைத் தொழிலாளர்களின் சிறுசேமிப்பைக் கொண்டே வாங்கலாம் என்று 1960இல் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். பதவி பெரிதாக இருந்தால்தான் முடியும் என்று நான் பல ஆண்டு நினைத்திருந்தேன். அந்தச் சங்கம் தொழிலாளி போட்ட வெள்ளிகளில் வளர்ந்தது என்பதை இப்போதுதான் நிதானமாக யோசிக்கிறேன்.

சேவை மையம் இந்த மாதக் கடைசியோடு மூடப்படுகிறது. கோப்புகள் என் வீட்டுக்கு வருகின்றன. மருத்துவர் அனுமதித்ததும், சனிக்கிழமை காலைகளில் வீட்டு முன்கூடத்தில் உட்கார்ந்திருப்பேன். பழைய மனு உள்ளவர்கள் வரலாம், எந்தக் கட்சி என்று கேட்கமாட்டேன். புதிய சட்டமன்ற உறுப்பினரை நேரில் பார்த்து, ஒவ்வொரு கோப்பாக எடுத்துச் சொல்லப்போகிறேன். முதல் கோப்பு பாட்டியுடையது. கோப்பைக் கொண்டுபோகத் துணைக்கு வருவதாக ஏணியில் ஏறிய தம்பி சொல்லியிருக்கிறான்.

அந்த 3,000 வெள்ளி கைக்கு வந்ததும், பழைய லயத்தில் தங்கியிருக்கிற குடும்பங்களின் கூரைத் தகரத்துக்குத் தருகிறேன். ஆட்டுக் கொட்டகையையும் சேர்த்துத்தான், பாட்டி ஒப்புக்கொண்டால்.

மூங்கில் கம்புகள் என் வீட்டுப் பின்புறம் அடுக்கியிருக்கின்றன. இருநூற்றுக்கு மேல் இருக்கும், நல்ல கம்புகள். பயற்றங்கொடிக்கோ பாகற்கொடிக்கோ பந்தல் போட வேண்டியவர்கள் வந்து எடுத்துக்கொள்ளுங்கள். கதவு பூட்டியிருக்காது.

அன்புடன்,
உங்கள் முன்னாள் சட்டமன்ற உறுப்பினர்