சட்டி எண்ணெயை மாற்றுங்கள் அண்ணாச்சி

அன்புள்ள பரோட்டாக் கடை அண்ணாச்சிமாருக்கு,

திருநெல்வேலி டவுன், ஜங்ஷன், பேட்டை, பாளையங்கோட்டை, அந்தப் பக்கம் தென்காசி, செங்கோட்டை வரை ராத்திரிக் கடை நடத்துகிற எல்லாருக்கும் சேர்த்துத்தான் எழுதுகிறேன்.

போன சித்திரையில் எங்கள் அத்தானுக்கு நெஞ்சுவலி வந்து ஸ்டென்ட் வைத்தார்கள். வயது 44. ஆள் குண்டு கிடையாது, கையும் காலும் ஒல்லி, வயிறு மட்டும் முன்னால் நிற்கும். ரத்தத்தில் கொழுப்புகூட அப்படியொன்றும் ஏறவில்லையே என்று அக்கா அழுதபோது, டாக்டர் இஞ்ச் டேப்பை எடுத்து அத்தான் வயிற்றைச் சுற்றிப் பிடித்தார். 102 சென்டிமீட்டர். நம் ஆண்களுக்கு 90, பெண்களுக்கு 80 தாண்டினாலே கவனிக்க வேண்டுமாம்.

குடலைச் சுற்றிச் சேருகிற அந்தக் கொழுப்பு சும்மா கிடப்பதில்லை, அழற்சியை, அதாவது உடம்புக்குள் புண்பட்ட மாதிரி வருகிற வீக்கத்தை, தூண்டுகிற ரசாயனங்களை ரத்தத்தில் விட்டுக்கொண்டே இருக்கும், அதைப் பார்த்துக் கல்லீரல் சிஆர்பி என்ற புரதத்தைக் கூடுதலாகச் சுரக்கும், இதய ரத்தக்குழாயில் ஏற்கனவே படிந்திருக்கிற கொழுப்புக் கட்டி இந்த அழற்சியில் நொய்ந்து ஒருநாள் வெடிக்கும், உடனே ரத்தம் அங்கே உறைந்து அடைத்துக்கொள்ளும். 2017-இல் வெளியான ஒரு பெரிய ஆய்வில், மாரடைப்பு வந்த பத்தாயிரம் பேரிடம், கொலஸ்ட்ராலைத் தொடாமல் அழற்சியை மட்டும் குறைக்கிற மருந்தைச் சோதித்தபோதே மறு தாக்குதல் குறைந்திருக்கிறது.

அத்தானுக்கு வந்ததற்கு உங்கள் கடைதான் காரணம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் வாரத்தில் நாலு ராத்திரி அவருக்குச் சாப்பாடு பரோட்டாவும் சால்னாவும் பொரித்த கோழியும்தான். ஒருநாள் பார்சலுக்காக நின்றபோது பொரிக்கிற சட்டியைப் பார்த்தேன். கருப்பட்டிப் பாகு மாதிரி கறுத்து, ஓரமெல்லாம் பிசுபிசுவென்று நுரை கட்டியிருந்தது, அதன் தலையிலேயே புது பாக்கெட்டை வெட்டி ஊற்றினார்கள். திரும்பத் திரும்பக் காய்ந்த எண்ணெய் கெட்டுப்போகும், அதில் டிரான்ஸ் கொழுப்பும் கூடும், அதுவும் அழற்சியைத்தான் வளர்க்கும். காய்ச்சக் காய்ச்ச எண்ணெயில் சேருகிற கெட்டுப்போன பொருள்களின் மொத்த அளவு, டிபிசி என்பார்கள், அது 25 சதவீதத்தைத் தாண்டினால் பயன்படுத்தக் கூடாது என்று 2018-லிருந்தே சட்டம் இருக்கிறது.

மைதாவை நிறுத்துங்கள் என்று கேட்கவில்லை, உங்கள் பிழைப்பும் எனக்குத் தெரியும். பழைய எண்ணெயில் புதுசைக் கலக்காதீர்கள். மிஞ்சியதை பயோடீசலுக்கு வாங்குகிறவர்களிடம் விற்றுவிடுங்கள், காசும் வரும். கல்லில் ஊற்றுகிற எண்ணெயிலும் ஒரு கரண்டியைக் குறையுங்கள், வனஸ்பதியே வேண்டாம்.

அத்தானும் நானும் இனியும் வருவோம், எப்போதாவது, ஆளுக்கு ரெண்டு பரோட்டாவுக்கு. வந்தால் சட்டியை எட்டிப் பார்ப்போம், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

இப்படிக்கு,
உங்கள் பழைய வாடிக்கையாளன்