தூக்க மாத்திரை குறித்து மகளுக்கு

அன்பு மகளுக்கு,

குடியை நிறுத்தியதிலிருந்து இரவில் கண்ணே மூடவில்லை என்றும், மருத்துவர் சீட்டில்லாமல் கடையில் கிடைக்கும் தூக்க மாத்திரையைப் போட்டுக்கொள்ளலாமா என்றும் கேட்டிருந்தாய். மருந்தாளுநராகவே காலத்தைக் கழித்தவனிடம் கேட்டால் பதில் நீளத்தான் செய்யும், பொறுத்துக்கொள்.

மது நாள்தோறும் மூளையை அடக்கி வந்ததால், அதற்கு ஈடுகொடுக்க மூளையும் தன் கிளர்ச்சியைக் கூட்டிக்கொண்டே வந்திருக்கிறது. மது நின்றதும் அந்தக் கிளர்ச்சி மட்டும் மிஞ்சுகிறது. உறக்கமின்மை, வியர்வை, படபடப்பு, விசித்திரக் கனவுகள் யாவும் அதன் விளைவுகளே.

சீட்டில்லாமல் விற்கும் தூக்க மாத்திரைகள் பலவற்றில் இருப்பது டைஃபென்ஹைட்ரமின் அல்லது டாக்ஸிலமின். இரண்டும் ஒவ்வாமைக்கான பழைய மருந்துகள். தூக்கம் அவற்றின் பக்கவிளைவு. சில நாள் தொடர்ந்து போட்டாலே அந்த விளைவு மங்கிவிடுவதால், அளவைக் கூட்டத் தோன்றும். என் கவலை அதைவிடப் பெரியது. கடைசியாகக் குடித்த 6 மணி நேரத்திலிருந்து 48 மணி நேரத்துக்குள் வலிப்பு வரக்கூடும். 48 முதல் 96 மணி நேரத்துக்குள் சிலருக்குப் புத்தி தடுமாறி, இல்லாதவை கண்ணில் தெரியும். இம்மருந்துகளோ வலிப்புக்கான வாய்ப்பைக் கூட்டக்கூடியவை. நெஞ்சுப் படபடப்பையும் மனக்குழப்பத்தையும் தாமே உண்டாக்கவும் கூடியவை என்பதால், கோளாறு மாத்திரையால் வந்ததா, குடியை விட்டதால் வந்ததா என்று பிரித்தறிய மருத்துவரே திணறுவார். மனம் தளர்ந்து மீண்டும் குடித்துவிட்டால் அன்றிரவு மாத்திரையைத் தொடவே தொடாதே. இரண்டும் சேர்ந்தால் மூச்சே மந்தப்படலாம்.

இரவுநேர வலி மாத்திரைகள் சிலவற்றில் பாராசிட்டமாலும் கலந்திருக்கும். குடியால் ஏற்கெனவே களைத்த கல்லீரலுக்கு அது கூடுதல் சுமை. திரவ மருந்துகள் சிலவற்றில் மதுவே இருப்பதுண்டு. உறக்க நேரத்தை உடலுக்கு உணர்த்தும் ஹார்மோனான மெலடோனின் மாத்திரையில் அவ்வளவு ஆபத்து இல்லை, பெரிய பலனும் எதிர்பார்க்காதே.

ஆகவே எதையும் விழுங்குமுன் மருத்துவரைப் பார்த்து, நாளொன்றுக்கு எவ்வளவு குடித்தாய், கடைசியாக எப்போது குடித்தாய் என்பதைக் கூச்சப்படாமல் சொல். தேவைப்பட்டால் அவர், அளவைப் படிப்படியாகக் குறைத்து நிறுத்த வேண்டிய மருந்தையும் தயமின் வைட்டமினையும் தருவார். கைநடுக்கம் மிகுந்தாலோ, காய்ச்சல் கண்டாலோ, இல்லாதவை தெரிந்தாலோ, வலிப்பு வந்தாலோ மறுநாளுக்குத் தள்ளிப்போடாமல் உடனே அவசரப் பிரிவுக்குப் போ. தூக்கம் சீராக வாரங்கள், சிலருக்கு மாதங்கள்கூட ஆகும். தூக்கமின்மை நீடித்தால் மாத்திரைக்கு முன்பாக அதற்கான நடத்தை சிகிச்சையைப் பற்றி அவரிடம் கேள். வாங்கி வைத்திருக்கும் மாத்திரை அட்டையையும் எடுத்துப் போ. அதில் பொடி எழுத்தில் அச்சிட்டிருக்கும் மருந்தின் பெயர் அவருக்குத் தேவைப்படும்.

அன்புடன்,
அப்பா