கட்டுரை நோட்டில் சிவப்புக் கோடுகள்

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். வருகிற சனிக்கிழமை காலை 10 மணிக்குப் பள்ளியில் பெற்றோர் கூட்டம். பிள்ளையின் தமிழ்க் கட்டுரை நோட்டைக் கையோடு எடுத்து வாருங்கள். வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருப்பவர்கள் இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். மீதியை நேரம் கிடைக்கும்போது படியுங்கள்.

கூட்ட நாளை முதல் வரியிலேயே போட்டதற்குக் காரணம் உண்டு. போன வருடம் வெள்ளிக்கிழமை நடந்த கூட்டத்துக்கு நான் அனுப்பிய சுற்றறிக்கை ஒரு முழுப் பக்கம். கல்வியின் அவசியம் ஒரு பத்தி, பெற்றோரின் பொறுப்பு ஒரு பத்தி, தேதி மூன்றாவது பத்தியின் நடுவில். ஏழெட்டுப் பேர் மறுநாள் வந்து நின்றார்கள். ஒரு அம்மா அரை நாள் கூலியை விட்டுவிட்டு வந்திருந்தார். "சார், தேதி இதுல எங்க போட்டிருக்கு?" என்று தாளை நீட்டினார். எழுதிய நானே தேடித்தான் காட்டினேன்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். எட்டு, ஒன்பதாம் வகுப்புப் பெற்றோர் சிலர் வருத்தத்தோடு என்னைப் பார்த்தார்கள். "பொண்ணு ராத்திரி முழிச்சு ரெண்டு பக்கம் எழுதினா. ஒரு எழுத்துப்பிழை இல்ல. தமிழம்மா பாதியை அடிச்சிட்டாங்களே" என்பது அவர்கள் குறை. நியாயமான கேள்விதான். பிழை இல்லை, ஆனால் சும்மா நிற்கிற சொற்கள் நிறைய இருந்தன. மாணவியிடம் கேட்டுக்கொண்டு ஒரு வாக்கியத்தை அப்படியே தருகிறேன்:

"எங்கள் ஊரில் இருக்கக்கூடிய ஏரியானது மழைக்காலத்தின்போது முழுமையாக நிரம்பி வழியக்கூடிய ஒரு நிலையில் காணப்படும் என்பது குறிப்பிடத்தக்கதாகும்."

13 சொற்கள். தமிழம்மா திருத்திய பிறகு: "எங்கள் ஊர் ஏரி மழைக்காலத்தில் நிரம்பி வழியும்." 6 சொற்கள். ஏரியில் ஒரு சொட்டுத் தண்ணீர்கூடக் குறையவில்லை.

'இருக்கக்கூடிய', 'காணப்படும்', 'குறிப்பிடத்தக்கதாகும்' எல்லாம் பிள்ளைகள் பேசும்போது வாயில் வருவதில்லை. "சாம்பாரானது கொதிக்கக்கூடிய நிலையில் காணப்படுகிறது" என்று எந்த வீட்டிலும் சொல்வதில்லை. டிவி செய்தியிலிருந்தும் என்னுடையதைப் போன்ற சுற்றறிக்கைகளிலிருந்தும் இவை தொற்றிக்கொள்கின்றன. 'ஆய்வு செய்தார்' போதும் என்ற இடத்தில் 'ஆய்வினை மேற்கொண்டார்' என்று எழுதினால்தான் படித்தவர் மாதிரி இருக்கிறது என்று நமக்கே ஒரு நினைப்பு.

கதை அங்கே முடியவில்லை. பாதி அடிபட்டதும் அந்தப் பிள்ளை, "மிஸ், இப்போ பக்கம் காலியா இருக்கே" என்றாள். "ஏரி நிரம்பினா உங்க வீட்டுல என்ன நடக்கும்?" என்று தமிழம்மா கேட்டார். மறுநாள் இப்படி எழுதி வந்தாள்: "எங்கள் ஊர் ஏரி ஐப்பசியில் கோடி போகும். அப்பா பழைய வேட்டியை விரித்துக் கெண்டை பிடிப்பார். அன்றைக்குத் தெரு முழுக்க மீன்குழம்பு வாசம்." 'கோடி போகும்', அதாவது நிரம்பி வழியும், என்பது அவள் பாட்டி சொல்கிற சொல். முதலில் எழுதிய இரண்டு பக்கத்தில் அது இல்லை, அப்பாவும் இல்லை, கெண்டையும் இல்லை. நான் அந்த நோட்டை ஆசிரியர் அறையில் எல்லோருக்கும் படித்துக் காட்டினேன்.

பக்கத்துக்குத்தான் மார்க் என்ற நம்பிக்கையை வளர்த்ததில் ஆசிரியர்களாகிய எங்களுக்கும் பங்கு உண்டு. எத்தனை அடிஷனல் ஷீட் வாங்கினாய் என்று நாங்களே கேட்டிருக்கிறோம். அதனால்தான் 'மூன்றில் ஒரு பங்காகச் சுருக்கி வரைக' என்று கேட்டால், பல பிள்ளைகள் பத்தியின் முதல் மூன்றில் ஒரு பங்கை அப்படியே பார்த்து எழுதிவிட்டு, நிம்மதியாக அடுத்த கேள்விக்குப் போய்விடுகிறார்கள்.

இது புதுப் பாடமும் அல்ல. 13ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் எழுதிய நன்னூல், நூலுக்கு உரிய பத்து அழகுகளில் சுருங்கச் சொல்லலை முதலிலும் விளங்க வைத்தலை அடுத்தும் வைக்கிறது. பத்துக் குற்றங்களில் மிகைபடக் கூறலும் கூறியது கூறலும் உண்டு. ஆனால் அந்தப் பட்டியலில் முதலாவது குன்றக் கூறல், அதாவது தேவையானதைக்கூடச் சொல்லாமல் விடுவது. இதை நான் அழுத்திச் சொல்லக் காரணம், ஒரு பையன் லீவ் லெட்டரில் "வயிறு. வரவில்லை." என்று மட்டும் எழுதிக் கொடுத்தான். திருப்பிச் சொல்வதெல்லாம் வீண் என்றும் நினைக்க வேண்டாம். "பாம்பு பாம்பு" என்று கத்துகிறவனிடம் போய் ஒரு பாம்பை வெட்டு என்று சொல்ல முடியாது. அது அடுக்குத்தொடர், பயத்தை அதுதான் சொல்கிறது.

வீட்டில் ஒரு விளையாட்டு செய்து பாருங்கள். இந்தியாவில் தந்தி சேவை 2013 ஜூலையில் நின்றுபோனது. அதில் சொல்லைக் கணக்கிட்டுக் காசு வாங்கினார்கள். "மதர் சீரியஸ், ஸ்டார்ட் இமீடியட்லி" என்ற நான்கு சொல் எத்தனை வீடுகளை நடுங்க வைத்தது என்று தாத்தா பாட்டியிடம் கேட்டால் சொல்வார்கள். பிள்ளையிடம் 10 ரூபாய் கொடுங்கள். சொல்லுக்கு ஒரு ரூபாய். ஊரில் இருக்கிற அத்தையைத் திருவிழாவுக்குக் கூப்பிட வேண்டும். என் பேரன் எழுதியது: "அத்தை, திருவிழா வெள்ளி. முந்தின நாளே வாங்க. பாட்டி தேடுகிறாள்." 8 ரூபாய். மிச்சம் இரண்டுக்கு மிட்டாய் வாங்கிக்கொண்டான்.

கடைசியாக ஒன்று. சிவப்புக் கோடு விழுந்த பக்கங்களைச் சில பிள்ளைகள் கிழித்துவிட்டு, புதிதாக எழுதி ஒட்டுகிறார்கள். கிழிக்க விடாதீர்கள். சனிக்கிழமை அந்தப் பக்கங்களைத்தான் சேர்ந்து பார்க்கப் போகிறோம்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்